பதுளையில் ட்ரில்லியன் நின்றால் மில்லியன் எங்கே நிற்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பாதீட்டுச் செய்தியில் பில்லியன், ட்ரில்லியன் என்று வாசிக்கிறார்கள். இந்தியத் தொலைக்காட்சியைத் திருப்பினால் இலட்சம் கோடி என்கிறார்கள். தரம் 11 இல் படிக்கும் மகள் கூகோல், கிரகாம் எண் என்று எதையோ கேட்டுக்கொண்டு வருகிறாள். இதெல்லாம் எவ்வளவு பெரிது என்று மனதில் பிடிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரே வழி கடைசி வரை கூட வராது. ட்ரில்லியன் வரைக்கும் எண்ணைத் தரையில் விரித்தே பார்க்கலாம். அதற்கு மேல் எண்ணை விட்டுவிட்டு அதன் பூச்சியங்களை மட்டும் பார்க்க வேண்டும். இன்னும் மேலே போனால் பூச்சியங்களையும் எண்ண முடியாது. அந்த எண் எப்படி உண்டாகிறது என்ற விதி மட்டும்தான் கையில் மிஞ்சும். எந்த எண் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது: கூட்டினால் அசைகிறதா, பெருக்கினால் அசைகிறதா, வலுவுக்கு உயர்த்தினால் (ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கினால்) அசைகிறதா என்று பார்ப்பது. அது போகப் போக விளங்கும்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கொப்பித் தாளில் ஒரு கோடு கீறுங்கள். இடது முனையில் ஆயிரம், வலது முனையில் ஒரு பில்லியன். மில்லியனுக்குப் புள்ளி எங்கே வைப்பீர்கள்? படித்தவர்களிலும் பலர் நடுப்பக்கமாக வைப்பார்கள். ஆயிரம், மில்லியன், பில்லியன் என்ற பெயர்கள் ஏணிப்படி போலச் சம இடைவெளியில் காதில் விழுவதுதான் காரணம். கோடு ஒரு மீட்டர் நீளமென்றால் மில்லியனின் சரியான இடம் இடது முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர். பென்சில் புள்ளியே அந்த இடைவெளியை மூடிவிடும்.

இதையே மலையக ரயில் பாதையில் வைத்துப் பாருங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்கு சுமார் 290 கிலோமீட்டர். கோட்டை பூச்சியம், பதுளை ஒரு ட்ரில்லியன் என்று வையுங்கள். பில்லியன் எங்கே வரும்? ஹட்டனில் இல்லை, கண்டிப் பக்கத்திலும் இல்லை, மருதானையைக்கூட எட்டவில்லை. கோட்டையிலிருந்து 290 மீட்டரில் நிற்கிறது. ரயில் இன்னும் வேகமெடுக்கவில்லை. மில்லியன் 29 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் சொச்சம். ஆயிரம் என்பது தலைமயிர் நாலைந்தைச் சேர்த்து வைத்த தடிப்பு. நானுஓயா, பட்டிப்பொல, பண்டாரவளை எல்லாம் கடந்து போகும் அவ்வளவு தூரமும் பில்லியன்களால் நிரம்பியது. பில்லியனையும் ட்ரில்லியனையும் “இரண்டும் பெரிய காசுதானே” என்று ஒரே மூச்சில் சொல்கிறவர், கோட்டை மேடையையும் பதுளை மேடையையும் ஒன்றென்கிறார்.

இனிப் பெயர்க் குழப்பம். நாம் எழுதும்போது மூன்று மூன்றாகக் காற்புள்ளி போடுகிறோம், பேசும்போது இலட்சம், கோடி என்கிறோம். தவறு அங்கேதான் நுழைகிறது. பத்து இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். இலட்சம் கோடி ஒரு ட்ரில்லியன். அதிகம் பிழைக்கும் இடம் மூன்றாவது: “பில்லியன் என்றால் பத்துக் கோடி” என்று சொல்லும் ஆட்கள் நிறைய. பெயரை நம்பாமல் இலக்கங்களை எண்ணுங்கள். 7 இலக்கமென்றால் மில்லியன், 8 கோடி, 10 பில்லியன், 13 ட்ரில்லியன். காற்புள்ளியைப் பார்த்தும் சொல்லலாம்: இரண்டு இருந்தால் மில்லியன், மூன்று பில்லியன், நாலு ட்ரில்லியன். டொலரை ரூபாவாக்கும்போது இன்னொரு வழுக்கல். ஒரு டொலர் 300 ரூபா என்று எடுத்தால் ஒரு பில்லியன் டொலர் 300 பில்லியன் ரூபா, அதாவது முப்பதாயிரம் கோடி. அவசரத்தில் மூவாயிரம் கோடி என்று எழுதிவிட்டால் பத்தில் ஒரு பங்காகிவிடும், ஒருவருக்கும் உறைக்காது. பழைய ஆங்கில நூல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிரித்தானியாவில் பில்லியன் என்பது ஒரு காலத்தில் மில்லியன் மில்லியன், அதாவது இன்றைய ட்ரில்லியன். அரசாங்கக் கணக்குகளில் இன்றைய பொருள் அங்கே 1974 இல்தான் வந்தது. தமிழில் தாமரை, சங்கம், வெள்ளம் என்று பேரெண்களுக்கு அழகான பெயர்கள் உண்டு. ஆனால் பட்டியலுக்குப் பட்டியல் அவற்றின் மதிப்பு மாறுகிறது. ரசிக்கலாம், கணக்குக்கு எடுக்க வேண்டாம்.

செய்தியில் வரும் பணத் தொகைக்கு மிகப் பயன்படுவது வகுத்தல். 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் பேர். ஒரு மில்லியன் ரூபாவை எல்லோருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஐந்து சதமும் தேறாது. ஒரு பில்லியனைப் பிரித்தால் ஆளுக்கு 46 ரூபா. ஒரு ட்ரில்லியனைப் பிரித்தால் ஆளுக்கு 46,000 ரூபா. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் பாதீட்டு உரை முழுவதையும் உட்கார்ந்து கேட்கலாம். “இத்திட்டத்துக்கு 2 பில்லியன் ஒதுக்கீடு” என்றால் ஆளுக்குத் தொண்ணூற்றிரண்டு ரூபா. தலைப்புச் செய்தியாவதற்கு அது பெரிய தொகையா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

இன்னொரு அளவுகோல், தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த “பேர்”, அதாவது ஒரு ஆளுக்குப் பதிவாகும் ஒரு நாள் வேலை. 2024 செப்டெம்பரில் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. தொகை பிறகு மாறினாலும் கணக்கு முறை இதேதான். வருடத்துக்கு 300 முழுப் பேர் விழுகிறது என்று தாராளமாகவே வைப்போம். ஒரு மில்லியன் ரூபாவுக்கு 741 பேர் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டரை வருடம். ஒரு பில்லியனுக்கு 2,469 வருடம்: அநுராதபுரத்துக்குப் பௌத்தம் வருவதற்கு முன்பே பிரட்டில் (காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில்) பேர் கொடுத்து நின்றிருந்தால் இன்றைக்குச் சரியாக வரும். ஒரு ட்ரில்லியனுக்கு இருபத்து நாலரை இலட்சம் வருடத்துக்கு மேல். அப்போது மனிதர் இன்றைய உருவிலேயே இல்லை.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியபோது 51 பில்லியன் டொலர் என்ற எண் எங்கும் அடிபட்டது. அதை 2.17 கோடியால் வகுத்தால் ஆளுக்கு 2,350 டொலர். 300 ரூபாப்படி ஏழு இலட்சத்து ஐயாயிரம் ரூபா. 1,350 ஆல் வகுத்தால் 522 பேர். தொட்டில் பிள்ளை, படுக்கையில் கிடக்கும் பாட்டி உட்பட ஒவ்வொருவர் தலையிலும் 522 நாள் வேலை. ஒரு வெற்றெண் மூன்று வகுத்தலில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுக்கு வந்துவிட்டது. பெரிய எண்ணை எப்போதும் இப்படி, உடம்புக்குத் தெரிந்த ஒரு அலகுக்கு இறக்குங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபுத்தாள் போதும். கட்டம் அச்சான பகுதி 18 செ.மீ. × 24 செ.மீ. என்றால் ஒரு தாளில் 43,200 சின்னக் கட்டங்கள். 23 தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இன்னொன்றிலிருந்து ஒரு கீற்று வெட்டிச் சேர்த்தால் ஒரு மில்லியன் கட்டம். பரப்பு ஒரு சதுர மீட்டர், ஒரு சாப்பாட்டு மேசை. இதைப் பாடசாலைச் சுவரில் ஒருமுறை ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு மில்லியன் பிறகு மறக்காது. தாள்களை ஒட்டும்போது விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கட்டம் குறையும்; வெள்ளை ஓரத்தை முதலில் வெட்டிவிட்டு, பின்பக்கத்தில் டேப் போடுங்கள்.

அதற்கு மேல் தாள் வேண்டாம், காணிக் கணக்கே போதும். ஒரு பில்லியன் கட்டம் 1,000 சதுர மீட்டர். நம் வழக்கில் 40 பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு, கால் ஏக்கர். தோட்ட வீட்டுத் திட்டங்களில் பேசப்பட்ட 7 பேர்ச் காணியை வரைபுத்தாளால் மூடினால் சுமார் 17 கோடியே 70 இலட்சம் கட்டம் வரும். ஒரு ட்ரில்லியன் கட்டம் ஒரு சதுர கிலோமீட்டர், 247 ஏக்கர், தோட்டத்தின் ஒரு டிவிசன் அளவு என்று நினைத்துக்கொள்ளலாம். மேட்டு லயத்தில் நின்று எதிர் மலை முழுவதையும் பாருங்கள், அது முழுக்க மில்லிமீட்டர் கட்டம். அடுத்த ஆயிரம் மடங்கு 1,000 சதுர கிலோமீட்டர். நுவரெலியா மாவட்டம் 1,741, ஆகவே மாவட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீட்டர்; கட்டக் கணக்கில் 6.6 × 10¹⁶ (10¹⁶ என்பது 1 க்குப் பின்னால் 16 பூச்சியம்). கடலும் தரையுமாகப் பூமி முழுவதையும் மூடினால் 5.1 × 10²⁰. பூமியே முடிந்துபோனது, பூச்சியம் இருபதுதான் ஆகியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண் பரப்பைப் பார்ப்பதில்லை, பக்க நீளத்தைப் பார்க்கிறது. மேசையின் பக்கம் 1 மீட்டர், கால் ஏக்கரின் பக்கம் 32 மீட்டர். ஆயிரம் மடங்கு வளர்ந்ததைக் கண் முப்பத்திரண்டு மடங்காகத்தான் உணரும். பெட்டியாக அடுக்கிக் காட்டினால் இன்னும் மோசம், ஆயிரம் மடங்கு வெறும் பத்து மடங்காகத் தெரியும். பத்திரிகைகளில் பணக்கட்டு அடுக்கிய படம் போட்டு ட்ரில்லியனை விளக்குவது அதனால்தான் ஏமாற்றுகிறது. ரயில் பாதை மாதிரி ஒரே நேர்கோட்டில் நீட்டுவதே நேர்மையான காட்சி.

கையால் அளைந்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குக் குரக்கன் நல்லது. ஒரு கிராமில் ஏறத்தாழ 400 மணி இருக்கும், இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, ஆகவே நூறு மணியை எண்ணி நிறுக்கப் பார்த்தால் தராசு பூச்சியத்திலேயே நிற்கும். இப்படிச் செய்யுங்கள்: தேக்கரண்டியால் தட்டையாக வழித்து 20 கரண்டி அள்ளி மொத்தமாக நிறுத்து, 20 ஆல் வகுங்கள். ஒரு கரண்டியின் நிறை நாலு கிராம் அளவில் வரும். பிறகு ஒரே ஒரு கரண்டியைக் கறுப்புத் தாளில் கொட்டி, தீக்குச்சியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுங்கள். சுமார் 1,600 வரும். கரண்டி கூம்பாக நிற்கக் கூடாது. நுவரெலியாப் பக்கம் ஈரம் அதிகம், மணி ஒன்றோடொன்று ஒட்டும், நிறையும் கூடும். முதல்நாளே வெயிலிலோ அடுப்படியிலோ காயவைத்துவிடுங்கள். இந்தக் கணக்கில் மில்லியன் இரண்டரைக் கிலோ, ஒரு கையால் தூக்கலாம். பில்லியன் இரண்டரைத் தொன், 50 கிலோ மூட்டை ஐம்பது. ட்ரில்லியன் ஐம்பதாயிரம் மூட்டை. பத்துத் தொன் லொறியென்றால் 250 நடை.

ட்ரில்லியனைத் தேடி உண்மையில் எங்கும் போக வேண்டியதில்லை, அது நம் மலைகளிலேயே முளைக்கிறது. நாட்டின் ஒரு வருடத் தேயிலை உற்பத்தி அண்மைக் காலத்தில் சுமார் 25 கோடி கிலோ. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4.6 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே வருடத்துக்கு 115 கோடி கிலோ, அதாவது ஒரு பில்லியன் கிலோவுக்குச் சற்றுக் கூடிய பச்சைக் கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தின் நிறையை 0.6 கிராம் என்று எடுப்போம். வகுத்தால் ஏறத்தாழ இரண்டு ட்ரில்லியன் கொழுந்து. மலைநாடு, தாழ்நாடு, பெருந்தோட்டம், சிறு தோட்டம் எல்லாம் சேர்ந்து வருடா வருடம் அவ்வளவும் கிள்ளப்படுகிறது, பெரும்பகுதி விரல்களால்.

ஒரு ஆளின் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 18 கிலோ என்றால் 30,000 கொழுந்து. மில்லியனை எட்ட 33 நாள். 300 நாள் வேலையென்றால் வருடத்துக்கு 90 இலட்சம். 35 வருடம் மலையேறியவரின் கூடை வழியாக முப்பது கோடிக்கு மேல் போயிருக்கும். ஒரு பில்லியன் கொழுந்துக்கு 111 வருடம் வேண்டும்: பாட்டி, தாய், மகள் என்று மூன்று பேருடைய வேலைக்காலம் முழுவதும். நூறு கோடி என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருந்தால் நன்றாக இருக்கும்.

“ஒரு கொழுந்து 0.6 கிராம் என்று யார் சொன்னது? சிலது அரைக் கிராம், வளமான மலையில் ஒரு கிராமே வரும்” என்று கேட்கலாம். நியாயம்தான். 0.4 என்று போட்டால் மூன்று ட்ரில்லியன், ஒரு கிராம் என்று போட்டால் ஒன்றுக்குச் சற்று மேல். எப்படிப் போட்டாலும் பில்லியனுக்கு இறங்கவில்லை. பெரிய எண்களில் முன்னால் நிற்கும் இலக்கம் இரண்டா மூன்றா என்பதற்காகச் சண்டை பிடிக்கத் தேவையில்லை, பூச்சியம் எத்தனை என்பது சரியாக இருந்தால் போதும். மகள் விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதும் 2 × 10¹² இல் 12 தான் எசமான், 2 வெறும் ஆள்.

இங்கே இரண்டாவது தட்டு தொடங்குகிறது. 180 மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு சாதாரணக் கோப்பை. அதிலுள்ள நீர் மூலக்கூறுகள் சுமார் 6 × 10²⁴. மில்லிமீட்டர் கட்டத்தால் இதை விரிக்கப் போனால் பன்னிரண்டாயிரம் பூமி வேண்டும், அந்த வழி இனி உதவாது. வேறு மாதிரிக் கேட்போம்: ஒரு கோப்பையில் உள்ள மூலக்கூறுகள் அதிகமா, உலகக் கடல் முழுவதும் உள்ள கோப்பைகள் அதிகமா? கடல்நீர் மொத்தம் ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர்; 180 மில்லிலீற்றர் கோப்பையால் அளந்தால் 7.4 × 10²¹ கோப்பை. ஒரு கோப்பைக்குள் இருக்கும் மூலக்கூறுதான் அதிகம், அதுவும் எண்ணூறு மடங்கு. ஆகவே தலவாக்கலையில் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொத்மலை ஓயாவில் ஊற்றுங்கள். அது மகாவலியில் சேர்ந்து, கொட்டியாரக் குடாவில் கடலில் விழுந்து, உலகக் கடலெல்லாம் சீராகக் கலந்துவிட்டது என்று வையுங்கள். பிறகு எந்தக் கடற்கரையில் ஒரு கோப்பை மொண்டாலும் நீங்கள் ஊற்றியதில் ஏறத்தாழ எண்ணூறு மூலக்கூறு அதில் இருக்கும். (வேதியியல் ஆசிரியர் இடைமறிப்பார்: நீரில் ஐதரசன்கள் ஓயாமல் இடம் மாறுவதால் “அதே மூலக்கூறு” என்று அடையாளம் வைக்க முடியாது என்பார். சரிதான், கணக்குக்கு அது குறுக்கே நிற்காது.)

இந்தத் தட்டில் கூட்டல் செத்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். 6 × 10²⁴ மூலக்கூறோடு இரண்டு ட்ரில்லியனைக் கூட்டினால் எழுதியிருக்கும் எண்ணில் எதுவும் மாறாது. பெருக்கல் மட்டும்தான் இங்கே ஏதாவது செய்யும், அதுவும் சுட்டியில், அதாவது 10 இன் தலைமேல் நிற்கும் சின்ன எண்ணில், ஒன்றிரண்டைக் கூட்டுவதாகத்தான் தெரியும். இது சௌகரியம், அதே நேரம் பொறி. 10²⁴ ஐயும் 10²¹ ஐயும் பார்க்கும் கண்ணுக்கு 24, 21 என்ற பக்கத்து எண்கள்தான் தெரிகின்றன. இடையில் இருக்கும் ஆயிரம் மடங்கு, கோட்டை மேடைக்கும் பதுளைக்கும் உள்ள வித்தியாசம், ஒளிந்துகொள்கிறது. சுட்டிகளை ஒப்பிடும்போது கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 3 என்றால் ஆயிரம் மடங்கு, 6 என்றால் மில்லியன் மடங்கு.

சுட்டி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 304 என்ற சீட்டு விளையாட்டை எடுங்கள். 32 காட்ஸ், நாலு பேர், ஆளுக்கு எட்டு. அந்த 32 ஐயும் எத்தனை விதமாக அடுக்கலாம்? முதல் இடத்துக்கு 32 வழி, அடுத்ததற்கு 31, அதற்கடுத்ததற்கு 30 என்று 1 வரை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 2.6 × 10³⁵. நாட்டின் 2.17 கோடிப் பேரும் ஆளுக்கொரு கட்டு வைத்துக்கொண்டு, தூங்காமல், விநாடிக்கு ஒருமுறை புதிதாக ஒரு அடுக்கைப் போட்டாலும், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி வருடம் முழுவதும் போட்டாலும், முடிந்திருப்பது ஏறத்தாழ 2,800 கோடியில் ஒரு பங்கு. ஒழுங்காகக் கலைத்த ஒரு கட்டு, அதற்கு முன் உலகில் எந்தக் கையிலும் அந்த ஒழுங்கில் இருந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் விளையாடுகிறவருக்கு அடுக்கின் ஒழுங்கு முக்கியமில்லை, யார் கைக்கு எந்த எட்டு வந்தது என்பதுதான் முக்கியம். அப்படிப் பார்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழ 10¹⁷ க்கு இறங்கிவிடும். அதே 2.17 கோடிப் பேர், அதே வேகத்தில், 145 வருடத்தில் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடலாம். சுட்டி 35 இலிருந்து 17 க்கு வந்ததும் பிரபஞ்ச வயது போதாமலிருந்த வேலை நாலைந்து தலைமுறை வேலையாகிவிட்டது. ஒரு பெரிய எண்ணைக் கேள்விப்பட்டதும் “எதை எண்ணுகிறார்கள்?” என்று முதலில் கேட்கச் சொல்வது இதனால்தான்.

கூகோல் இந்தத் தட்டின் எல்லையில் இருக்கிறது: 1 க்குப் பின்னால் நூறு பூச்சியம், 10¹⁰⁰. அமெரிக்கக் கணிதர் எட்வர்ட் காஸ்னரின் மருமகனான ஒரு சிறுவன் வைத்த பெயர் அது. தேடுபொறியின் பெயர் இதன் எழுத்துப் பிசகு. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்திலுள்ள அணுக்கள் சுமார் 10⁸⁰ என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே கூகோல் அளவு பொருள் எதுவும் எங்கும் இல்லை. எழுதுவதற்கு மட்டும் கொப்பியில் இரண்டு வரி போதும்.

அடுத்தது கூகோல்பிளெக்ஸ்: 1 க்குப் பின்னால் ஒரு கூகோல் பூச்சியம். இதை எழுதவே முடியாது, பிரபஞ்சத்தில் அவ்வளவு அணு இல்லை. மூன்றாவது தட்டுக்கு வந்துவிட்டோம், இங்கே பெருக்கலும் செத்துவிட்டது. கூகோல்பிளெக்ஸைப் பிரபஞ்சத்தின் அணுக்கள் அத்தனையாலும் பெருக்குங்கள். பூச்சியங்களின் எண்ணிக்கை ஒரு கூகோலிலிருந்து ஒரு கூகோலும் எண்பதும் ஆகும். கடலில் ஒரு சொட்டு என்று சொல்வதுகூட இங்கே மிகைதான்.

கிரகாம் எண்ணுக்கு இன்னொரு குறியீடு வேண்டும், 1976 இல் கணினி அறிஞர் டொனால்ட் நூத் அறிமுகப்படுத்திய மேலம்பு. திரும்பத் திரும்பக் கூட்டுவது பெருக்கல், திரும்பத் திரும்பப் பெருக்குவது வலு. ஒரு அம்பு சாதாரண வலு: 3↑3 என்பது 3 × 3 × 3, விடை 27. இரண்டு அம்பு, வலுவைத் திரும்பத் திரும்பச் செய்வது: 3↑↑3 என்றால் 3 இன் 27 ஆம் வலு, 7,625,597,484,987. இது ஏழரை ட்ரில்லியன் சொச்சம், ஏழெட்டு டிவிசனை மூடும் வரைபுத்தாள். இன்னும் நம் மலைக்குள்தான் இருக்கிறோம்.

3↑↑4 என்பது 3 இன் 7,625,597,484,987 ஆம் வலு. இந்த எண்ணை விரிக்க முடியாது, ஆனால் எழுத முடியும்: ஏறத்தாழ 3.6 ட்ரில்லியன் இலக்கம் வரும். மில்லிமீட்டர் கட்டத்துக்கு ஒரு இலக்கமாக எழுதினால் சுமார் 900 ஏக்கர். ஒரு பெரிய தோட்டம் முழுவதும் தாள் விரித்து எழுதி முடிக்கலாம், மழை வராமல் இருந்தால். 3↑↑5 க்குப் போனால் எழுதவும் முடியாது. இலக்கங்களின் எண்ணிக்கையை எழுதத்தான் அந்த 900 ஏக்கர் வேண்டும்.

மூன்று அம்பு போட்டால் 3↑↑↑3: 3 இன் தலைமேல் 3, அதன் தலைமேல் 3 என்று ஏழரை ட்ரில்லியன் சொச்சம் அடுக்கு உயர்ந்த கோபுரம். முந்தைய பத்தியில் ஐந்தாவது அடுக்கிலேயே நாம் தோற்றுவிட்டோம் என்பதை நினைவில் வையுங்கள். இங்கே வலுவும் செத்துவிடுகிறது. 3 இன் வலுவாக இந்த முழு எண்ணையும் போட்டாலும் கோபுரத்தில் ஒரே ஒரு அடுக்குத்தான் கூடும். நாலு அம்பு போட்ட 3↑↑↑↑3 க்கு g₁ என்று பெயர். g₂ என்பது இரண்டு 3 களுக்கு நடுவே g₁ அம்புகள் வைத்த எண். அம்பின் எண்ணிக்கையே g₁. இப்படியே 64 படி ஏறி, g₆₄ தான் கிரகாம் எண்.

வெறும் வேடிக்கைக்காகப் பிறந்த எண் இல்லை இது. பல பரிமாணக் கனசதுரத்தின் மூலைகளை இணைக்கும் கோடுகளுக்கு இரண்டு நிறம் பூசுவது பற்றிய ஒரு கேள்வியில், விடை இதைத் தாண்டாது என்று காட்ட வந்த மேல் எல்லை. அமெரிக்கக் கணித எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1977 இல் எழுதிய பிறகு பரவலாகத் தெரியவந்தது. அதே கேள்விக்கு இன்று தெரிந்த கீழ் எல்லை 13. பதின்மூன்றுக்கும் கிரகாம் எண்ணுக்கும் இடையில் எங்கோ விடை என்று நிறுவியிருப்பதும் கணிதத்தில் முன்னேற்றம்தான். இதைவிடப் பெரியவையும் உண்டு. மரவடிவப் படங்களை வைத்து வரையறுக்கும் ஒரு வரிசை 1, 3 என்று சாதுவாகத் தொடங்கி, மூன்றாவது உறுப்பிலேயே கிரகாம் எண்ணைக் கண்காணாத தூரத்தில் விட்டுவிடுகிறது.

விரிக்க முடியாது, எழுத முடியாது என்றால் இந்த எண்ணைப் பற்றி எதையுமே அறிய முடியாதா என்று மகள் கேட்பாள். அறியலாம், அவளே அரைப் பக்கத்தில் செய்யலாம். கிரகாம் எண்ணின் கடைசி இலக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 3 இன் வலுக்களின் கடைசி இலக்கம் 3, 9, 7, 1, மறுபடி 3, 9, 7, 1 என்று நாலுக்கு ஒருமுறை சுற்றும். ஆகவே சுட்டியை 4 ஆல் வகுத்தால் வரும் மீதி தெரிந்தால் போதும். கிரகாம் எண் முழுவதும் 3 களின் கோபுரம், அதனால் அதன் சுட்டியும் 3 இன் ஒரு வலு, அந்தச் சுட்டியின் சுட்டியும் ஒற்றை எண். 3 ஐ எந்த ஒற்றை எண் வலுவுக்கு உயர்த்தி 4 ஆல் வகுத்தாலும் மீதி 3 வரும்: 3, 27, 243 என்று சரிபார்க்கலாம். மீதி 3 என்றால் சுற்றில் மூன்றாவது இடம். கடைசி இலக்கம் 7. மேலே வந்த 27 உம் 7,625,597,484,987 உம் 7 இல் முடிவதும் இதே காரணத்தால்தான்.